பிள்ளையார்பாளையம் சண்டை அந்தாதி

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவில் கல்யாணம் என்றால், தாலி ஏறி அட்சதை விழுந்து முடிந்ததும் கோதண்டபாணி எழுந்து நிற்பார். ரோஸ் நிறக் காகிதத்தில் அச்சடித்துக் கண்ணாடிச் சட்டம் போட்ட வாழ்த்துப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு படிப்பார். வடை பாயசத்துக்காகக் காத்திருக்கும் ஜனங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்பார்கள். பாட்டு எல்லாம் ஒரே பாட்டுதான். மல்லிகைப் பந்தல், மஞ்சள் நிலா, கடைசியில் மணமக்கள் வாழியவே. பெயரை மட்டும் மாற்றுவார். சின்னப்பையன் கல்யாணத்தில் அதையும் மறந்துவிட்டு, போன முகூர்த்தத்தில் மாலை போட்டவனையே திரும்பவும் வாழ்த்திவிட்டார். யார்யா அந்த ஆள் என்று பெண் வீட்டார் எழுந்து நிற்க, சமாதானம் சொல்லி உட்கார வைப்பதற்குள் சாம்பார் ஆறிப்போனது.

மற்றபடி நல்ல நெசவுக்காரர். கோர்வைப் புடவைதான் நெய்வார். கரையும் உடலும் வேறு வேறு நிறமாக ஓடுகிற அந்தப் புடவையை ஒற்றை ஆள் நெய்ய முடியாது. தறிக்குழியில் நெய்பவர் உட்கார்ந்தால் வலது கரைக்கு நூல் ஓட்டுகிற நாடாவைத் தள்ளப் பக்கத்தில் இன்னொரு ஆள் உட்கார வேண்டும். உடலின் இழையும் கரையின் இழையும் ஒன்றையொன்று கொக்கிபோல மாட்டிக்கொண்டால்தான் கோர்வை. முதலில் மகள் ரேணுகாம்பாள் உட்கார்ந்திருந்தாள். அவளைத் திருமுக்கூடலில் கட்டிக்கொடுத்த பிறகு மனைவி தேவகி வந்து உட்கார்ந்தாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் தறிச் சத்தத்தோடு சண்டைச் சத்தமும் சேர்ந்துகொண்டது. தெருக்காரர்களுக்கு அது பழகிவிட்டது. பக்கத்து வீட்டு லோகாம்பாள் அரிசி களைந்துகொண்டே கேட்பாள். ரேடியோ வாங்க வேண்டிய அவசியமே அவளுக்கு ஏற்படவில்லை.

இப்படி இருக்கையில்தான் எங்கள் தென்றல் படிப்பகத்தின் செயலாளர் முனிசாமிக்கு ஒரு யோசனை வந்தது. முனிசாமி ஏனாத்தூர் விவசாயி மகன். டவுனில் வாடகை சைக்கிள் கடை வைத்து, அப்படியே அரசியலுக்குள் சைக்கிளை விட்டவன். தை மாதம் கவியரங்கம் நடத்த வேண்டும், அதுவும் ஊரில் எவனும் நடத்தாத மாதிரி நடத்த வேண்டும் என்று குதித்தான்.

"அந்தாதிக் கவியரங்கம்ண்ணே! தலைமை யாருன்ற? திருப்பருத்திக்குன்றத்துப் புலவர் ஐயா. ஒரு பாட்டு எந்தச் சொல்லுல முடியுதோ அந்தச் சொல்லுல அடுத்த பாட்டு ஆரம்பிக்கணுமாம். சங்கிலி மாதிரி. தலைப்பு இல்லறம். உன் பேரப் போட்டுடட்டுமா?"

சங்கிலியாவது ஒன்றாவது என்று சொல்லிவிட்டுக் கோதண்டபாணி வந்திருக்கலாம். ஆனால் டீக்கடையில் நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"போடுப்பா. அதெல்லாம் நான் எழுதாததா?" என்றார்.

முனிசாமி போட்டான். மறு வாரமே நோட்டீஸ் வந்துவிட்டது. கவிஞர் காஞ்சி கோதண்டன் என்று கொட்டை எழுத்து. சாயப்பட்டறைச் சுவர், ரேஷன் கடைக் கதவு, கோயில் தேர்முட்டி என்று ஒட்டாத இடம் இல்லை. அதைப் பார்த்த பிறகுதான் கோதண்டபாணி பேனாவைத் தேட ஆரம்பித்தார். அந்தாதி என்பதை அவர் காதால் கேட்டிருந்தாரே தவிர, கையால் தொட்டதில்லை.

அந்த வருஷம் கார்த்திகை மழை விடவே இல்லை. பட்டு நமத்துப் போனது. தறிக்குழியில் தண்ணீர் ஊறித் தறி நின்றது. அது நல்லதாயிற்று என்று கோதண்டபாணி எழுத உட்கார்ந்தார். நாலு நாள் எழுதியதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, தலையில் கோணியைப் போட்டுக்கொண்டு சைக்கிளில் திருப்பருத்திக்குன்றம் போனார்.

புலவர் அப்பாண்டை நயினார் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். சமணர். பொழுது சாய்ந்த பிறகு பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாது. இவர் போனபோது வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். காகிதத்தை வாங்கிப் படித்தார். படிக்கப் படிக்க உரித்த கடலை கையிலேயே நின்றுவிட்டது.

"இன்னாப்பா இது? எல்லாப் பாட்டும் வாழியவேன்னு ஆரம்பிச்சி வாழியவேன்னு முடியுது?"

"முடிஞ்ச சொல்லுல ஆரம்பிக்கணும்னு முனிசாமி சொன்னானுங்க ஐயா. அதான் ஆரம்பிச்சிருக்கேன்."

"ஆரம்பிச்ச, சரி. நவுந்தியா? நின்ன எடத்துலயே நின்னுக்கினு மிதிச்சிக்கினு இருக்குறியே. உன் தறியில துணி இப்படியா வளருது?"

"வேற எப்டி முடிக்கிறதுங்க ஐயா? எனக்கு எழுதினாலே வாழியவேன்னுதான் கை போவுது."

புலவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடலையைப் பாதி இவரிடம் கொடுத்தார்.

"அடுத்தவன் கைய நீட்டிப் புடிச்சிக்கிற மாதிரி ஒரு சொல்லுல முடி. அப்பால அத வேற பக்கம் இழுத்துக்கினு போவணும். சொல்லு அதேதான், சங்கதி வேற. வாழியவேன்னு முடிச்சா எவன் புடிப்பான்? எந்திரிச்சிப் பந்திக்கில்ல போயிடுவான்! இன்னொண்ணு கேளு. முனிசாமிகிட்ட சொல்லிடு, பொழுது சாயறதுக்குள்ள கவியரங்கம் முடிஞ்சாவணும். நான் சாப்புடணும்."

கோதண்டபாணி கடலையைத் தின்றுகொண்டே திரும்பி வந்தார். கடலை செரித்தது. பாடம் செரிக்கவில்லை.

மார்கழி பிறந்து வெயில் தலைகாட்டியதும் குழியை இறைத்துத் தறியில் உட்கார்ந்தார்கள். அரக்கு உடல், பச்சைக் கரை, கல்யாணக் கூறைப் புடவை. பலகையை இழுத்து அடித்தபடியே, வேறு யோசனை இல்லாமல் கோதண்டபாணி வாயைத் திறந்தார்.

"நேத்து வச்ச காராமணிக் கொழம்புல உப்பே இல்ல."

"இல்ல இல்லன்னு இப்ப சொல்றியே, சட்டிய வழிச்சி நக்கினது யாரு, உங்க அக்காளா?" தேவகி நாடாவைத் தள்ளினாள்.

"அக்காள இழுக்காத. அவ மாதிரி கொழம்பு வைக்க இந்த ஊர்ல இன்னொருத்தி பொறக்கணும்."

"பொறக்கணுமா? பொறந்து வளந்து கெடந்தவளத்தான கட்டிக்கினு வந்த, எங்கப்பன் வூட்டு வாசல்ல தவமா நின்னு?"

"நின்னேன், தப்புதான். மழைக்கு ஒதுங்கினவன் மழை வுட்டதும் அப்டியே போயிருக்கணும்."

"போயிருக்கணும்! போயிருந்தா தெரிஞ்சிருக்கும் சேதி. இந்தப் பக்கம் குந்திக்கினு உனக்கு நாடா தள்ள எவ வருவா?"

"வருவா. ஆயிரம் பேரு வருவா."

"வருவாங்க வருவாங்க, வந்து உன் மூஞ்சியப் பாத்துட்டு வாசலோட போயிடுவாங்க!"

கோதண்டபாணியின் கை பலகையில் அப்படியே நின்றது. அடுத்த வீட்டில் லோகாம்பாளின் அரிசி களையும் சத்தமும் நின்றது, இவர் என்ன பதில் சொல்லப்போகிறார் என்று கேட்க. ஆனால் அவர் பதில் தேடவில்லை. வாயைப் பிளந்துகொண்டு மனைவியைப் பார்த்தார். இல்ல, அக்காளா, பொறக்கணும், நின்னு, போயிருக்கணும், வருவா. சொல் அதேதான், சங்கதி வேறு. நாலு நாள் மழையில் தலையைப் பிய்த்துக்கொண்டும் வராதது, பக்கத்திலேயே உட்கார்ந்து நாடா தள்ளிக்கொண்டிருக்கிறது!

அதற்கப்புறம் அவர் சண்டை போட்ட அழகைச் சொல்ல வேண்டும். காலையில் எழுந்ததும் எதையாவது ஆரம்பிப்பார். நாஷ்டாவுக்குச் சண்டை, நெத்திலிக் கருவாட்டுக்குச் சண்டை, ஜரிகை சிக்கியதற்குச் சண்டை. தேவகி பிடித்து இழுத்துப் பதில் சொன்னதும், குழியிலிருந்து எகிறிக் குதித்துப் பழைய வாழ்த்துப்பாக் காகிதத்தின் முதுகில் கிறுக்கிவிட்டு வந்து உட்காருவார். முகத்தில் கோபத்துக்குப் பதில் அப்படி ஒரு பூரிப்பு. தேவகிக்குச் சந்தேகம் தட்டியது. ஆள் திட்டு வாங்கிச் சிரிக்கிறானே, மூளை கலங்கிவிட்டதா என்று லோகாம்பாளிடம் கேட்டாள்.

"மார்கழிப் பனி தலையில எறங்கியிருக்கும்டி. மொளகு கஷாயம் குடு," என்றாள் லோகாம்பாள்.

கஷாயத்துக்கும் ஒரு சண்டை வந்தது. அதிலும் ஒரு பாட்டு தேறியது.

மாட்டிக்கொண்டது ஒரு வெள்ளிக்கிழமை. மகளுக்குப் பொங்கல் வரிசை கொண்டுபோவது பற்றிப் பேச்சு. அது வேண்டுமென்று இழுத்த சண்டை இல்லை. நிஜமான சண்டை. தேவகி கண் கலங்க, மூக்கை முந்தானையில் சிந்திக்கொண்டு என்னவோ சொன்னாள். கோதண்டபாணி கையை உயர்த்தினார்.

"இரு, இரு. கடைசியா சொன்னியே, அத இன்னொரு தபா சொல்லு. மெதுவா சொல்லு."

தேவகி அவரைப் பார்த்தாள். மடியில் கிடந்த காகிதத்தைப் பார்த்தாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியும். தன் பேச்செல்லாம் பல்லை இளித்துக்கொண்டு வரிசையாக நிற்பதைப் படித்தாள்.

"இதுக்குத்தானா?" என்றாள்.

"கோவிச்சிக்காத தேவகி. எவ்ளோ ஷோக்கா வந்துக்கினு இருக்குது தெரியுமா? புலவரே அசந்துடுவாரு."

"இத மைக்குல படிக்கப்போறியா? தெருவே கேக்குற மாதிரி?"

"தெரு தெனம் கேட்டுக்கினுதான இருக்குது?"

"கேக்கறது வேற. நீ எடுத்துக்கினு போய்ப் படிக்கிறது வேற. என் பேச்சு ஒண்ணு, ஒரே ஒண்ணு, அந்த மைக்குல வந்துச்சு, கோர்வைக்கு நீ வேற ஆளப் பாத்துக்கோ. நான் திருமுக்கூடலுக்குப் போயி பொண்ணு வூட்ல இருந்துக்குறேன்."

கோதண்டபாணி தறிப்பலகையில் அடித்துச் சத்தியம் செய்தார். உன் பேச்சு ஒரு சொல்கூட வராது என்று. அதன் பிறகு தேவகி வாயை மூடிக்கொண்டாள்.

அவள் தறிக்கு வராமல் இல்லை. வந்தாள், உட்கார்ந்தாள், நாடாவைத் தள்ளினாள். என்ன கேட்டாலும் "ம்". உப்பு கம்மி என்றால் ம். உப்பு ஜாஸ்தி என்றால் ம். உங்கப்பன் கஞ்சன் என்று அவர் வேண்டுமென்றே கொளுத்திப் போட்டார். அதற்கும் ம். பலகை அடிக்கும் சத்தம் மட்டும் தனியாகக் கேட்டது. மூன்றாம் நாள் லோகாம்பாள் பதறிக்கொண்டு வந்து, யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று விசாரித்துவிட்டுப் போனாள். கோதண்டபாணிக்குச் சோறு இறங்கவில்லை. கவிதை போனது ஒரு பக்கம். அந்த "ம்" அவரை உயிரோடு தின்றது. இத்தனை வருஷமாகத் தான் யாரிடம் பேசிக்கொண்டிருந்தோம் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

"அத வுடேன், நான் கவியரங்கத்துக்கே போவல," என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தார்.

"ம்."

ஆனால் போகாமல் எப்படி இருக்க முடியும்? தேர்முட்டியில் பெயர் ஒட்டியிருக்கிறது. யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். காகிதத்தை எடுத்தார். தேவகி சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் அடித்தார். தான் சொன்னதை மட்டும் இலக்கணமாகத் திருத்தி அழகாகப் பிரதி எடுத்தார். சத்தியத்துக்குச் சத்தியமும் ஆயிற்று, கவிதைக்குக் கவிதையும் ஆயிற்று என்று நிம்மதியாகத் தூங்கினார். வலது நாடா இல்லாமல் கோர்வைப் புடவை நெய்ய முடியாது என்று தெரிந்த மனிதர்தான். பேனா எடுத்தால் சிலருக்கு இப்படி ஆகிவிடுகிறது.

காணும் பொங்கல் அன்று மத்தியானம் படிப்பகத்தில் கூட்டம் தாங்கவில்லை. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். தேவகியும் வந்திருந்தாள். கேட்கத்தான் வந்தாள். தன் பேச்சு ஒன்று வந்தாலும் அங்கிருந்தே பஸ் ஏறிவிடுவது என்று மாற்றுப்புடவை வைத்த பையை மடியில் வைத்துக்கொண்டு லோகாம்பாளை ஒட்டி உட்கார்ந்தாள். மேடையிலிருந்து கோதண்டபாணி அந்தப் பையைப் பார்த்துவிட்டார்.

வரவேற்புரை என்று முனிசாமி பிடித்த மைக்கை விடவில்லை. அதற்குப் பின் நாலு கவிஞர்கள். புலவர் ஜன்னல் வழியாகச் சூரியனைப் பார்ப்பதும் நாற்காலிக்கு அடியிலிருந்த சாப்பாட்டுத் தூக்குவாளியைப் பார்ப்பதுமாக இருந்தார். கோதண்டபாணியைக் கூப்பிட்டபோது வெயில் மஞ்சளாகிவிட்டது. அவர் எழுந்து படித்தார்.

"காராமணிக் குழம்பினிலே கடலுப்பைக் காணவில்லை,
யாரிடம்போய் இதுசொல்வேன், அவள்சமையல் சுவையில்லை.

தமக்கையவள் கைப்பக்குவம் தரணியிலே யாருக்குண்டு?
எமக்கிங்கே வாய்த்ததுவோ ஈரவிறகு அடுப்பொன்று."

ஜனங்கள் கொல்லென்று சிரித்தார்கள். புலவர் கையை நீட்டி நிறுத்தினார்.

"இருப்பா. சுவையில்லைன்னு முடிச்ச. தமக்கைன்னு ஆரம்பிக்கிற. அறுந்து தொங்குதே. நடுவுல இன்னா ஆச்சு?"

"நடுவுல இருந்ததை எடுத்துட்டேனுங்க ஐயா."

"ஏன் எடுத்த?"

"அது என்னுது இல்லீங்க," என்றார் கோதண்டபாணி.

பெண்கள் பக்கத்தில் லோகாம்பாள் திரும்பினாள். "இன்னாடி தேவகி, உன் கொழம்புல உப்பு இல்லியாமே? நாத்தனாரு கைப்பக்குவம் உனக்கு வரலியாம்!"

தேவகிக்குக் காது ஜிவ்வென்று சிவந்தது. அவள் பேச்சு ஒன்றும் வரவில்லை, உண்மைதான். அவர் பேச்சு மட்டும் வருகிறதே! பதிலே இல்லாதவள் மாதிரி ஊர் முன்னால் நிறுத்திவிட்டானே! பை மடியிலிருந்து உருண்டது. எழுந்தே விட்டாள்.

"ஈர வெறகு அடுப்பு ஒண்ணா? ஒண்ணு கேக்குறேன், அந்த ஈர வெறக வாங்கியாந்து போட்டது யாரு?"

புலவர் நாற்காலி நுனிக்கு வந்தார். கோதண்டபாணி காகிதத்தைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்ததை நாங்கள் எல்லாரும் பார்த்தோம்.

"யாரு? நான்தான். மழையில காஞ்ச வெறகு எந்தக் கடையில கெடச்சுது?"

"கெடச்சுது, லோகாம்பாளுக்குக் கெடச்சுது! வூட்ல குந்திக்கினு வாழியவே வாழியவேன்னு எழுதினா வெறகு எப்டி நடந்து வரும்?"

"வரும்னு நானா சொன்னேன்? உனக்குத்தான் எல்லாம் நின்ன எடத்துக்கு வரணும், மகாராணி!"

"மகாராணிதான்யா, காலு வீங்கத் தறியில குந்தியிருக்குற மகாராணி!"

முனிசாமி மைக்கைத் தூக்கிக்கொண்டு பெண்கள் பக்கம் ஓடினான். வயர் எட்டவில்லை. எட்ட வேண்டிய அவசியமும் இல்லை. பேச்சில் அக்காள் வந்தாள், மாமனார் வந்தார், கருவாடு வந்தது, கஷாயம் வந்தது. ஒரு சொல் கீழே விழவில்லை. புலவர் மேஜையில் தாளம் போட்டபடி "ஆகா, ஆகா" என்றார். யாரோ ட்யூப் லைட்டைப் போட்டார்கள். பளிச்சென்று வெளிச்சம் வந்ததும் புலவர் திடுக்கிட்டு ஜன்னலைப் பார்த்தார். வெளியே இருட்டிவிட்டது.

"போச்சு, இன்னிக்கு நமக்குப் பட்டினிதான். நிறுத்தாதீங்க, நடத்துங்க," என்றார்.

கோதண்டபாணி சொன்னார்: "இவ்ளோ பேச்சையும் வச்சிக்கினு, கல்லு மாதிரி பேசாம இருந்தியே, மார்கழிக் கடைசி பூராவும்?"

"பூராவும் நான் ஏன் பேசாம இருந்தேன்?" தேவகியின் குரல் இப்போது இறங்கியிருந்தது. "நான் உன்கிட்ட பேசினேன்யா. அழுதுக்கினு பேசினாக்கூட நீ எழுத்துக்கு ஆவுமான்னு பாத்த. பொண்ணு கட்டிக்கினு போன அப்பால அந்த வூட்ல எனக்குன்னு இருக்குறது உன்னாண்ட போடுற சண்டை ஒண்ணுதான்."

லோகாம்பாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

கோதண்டபாணி மைக்கை விட்டு ஓரடி பின்வாங்கினார்.

"ஒண்ணுதான்," என்று புலவர் எடுத்துக்கொடுத்தார். "புடிப்பா, ஒண்ணுதான்."

"ஒண்ணுதான் சூரியன், ஒண்ணுதான் நெலான்னு அட்ச்சி வுடுண்ணே," என்று முனிசாமி கிசுகிசுத்தான்.

கோதண்டபாணி காகிதத்தை மேஜைமேல் வைத்தார். மேடையை விட்டு இறங்கினார். ஆண்கள் பக்கத்தைத் தாண்டி, பெண்கள் உட்கார்ந்திருந்த பாய் ஓரம் போய் நின்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"தப்பு பண்ணிட்டேன். பசிக்குது தேவகி. வூட்டுக்கு வா," என்றார்.

அந்தாதி அறுந்தது. இந்தத் தடவை புலவர் கையை நீட்டவில்லை.

கோதண்டபாணி குனிந்து அவள் பையை எடுத்துக்கொண்டார். இருவரும் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு படியிறங்கினார்கள். தெருவில் பத்தடி போவதற்குள் தேவகியின் குரல் கேட்டது.

"வான்னா உடனே வந்துடணுமா? வந்து, அடுப்ப யாரு மூட்டறது?"

"மூட்டறதுக்கு நான் இருக்குறேன். நீ சும்மா ஒக்காரு."

"ஒக்கார வச்சிட்டு? நீ வைக்கிற கொழம்ப நாய் மோந்து பாக்குமா?"

உள்ளே முனிசாமி பொன்னாடையைப் பிரித்துக்கொண்டு, இதை யாருக்குப் போடுவது என்று கேட்டான். புலவர் கையை உயர்த்தி அவனை அடக்கினார்.

"இருப்பா, கேட்டுக்கினு இருக்கேன்ல?"

படிப்பகம் முழுவதும் ஜன்னல் பக்கம் சாய்ந்து கேட்டது. குரல் இரண்டும் மாறி மாறித் தேய்ந்துகொண்டே போயின. சாயப்பட்டறை மூலையில் அவர்கள் திரும்பினார்கள். அதற்குப் பிறகு பேசியது எங்களுக்குக் கேட்கவில்லை.